பாதாளத்தில் போட்ட பணம்

ஊருக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பவர் யாரும் இல்லை. அதற்கு இப்போதே முன்பணம் கட்டுகிறீர்களா என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வீட்டில் வேலை வந்துவிடும். சென்னையின் தெற்குப் புறநகர் நகராட்சிகளில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து நகராட்சிப் பொறியாளராக ஓய்வுபெற்ற ஒருவர், தன் உத்தியோகம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் ஓடியது என்கிறார். பெயர் போட வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. "குழாய் போடறது கஷ்டமே இல்ல. யார் எப்போ எவ்வளவு கட்டறாங்கன்னு முடிவு பண்றதுதான் கஷ்டம். எங்க படிப்புல அந்தப் பாடமே கிடையாது" என்று பேச்சைத் தொடங்குகிறார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புறநகரின் ஏரிப் பாசன வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. ஊர் வளரும் செய்தி முதலில் மனை விற்பவருக்குத் தெரியும். பிறகு மின்வாரியத்துக்குத் தெரியும், அடுத்து கேபிள்காரருக்கு. நகராட்சிக்குத் தெரிவது கடைசியில்தான், அதுவும் மழைக்காலத்தில் ஒரு தெருவே திரண்டு வந்து அலுவலக வாசலில் நிற்கும்போது. அரை கிரவுண்டு மனையில் ஒரு மூலையில் ஆழ்துளைக் கிணறு, எதிர் மூலையில் செப்டிக் டேங்க், அடுத்த வீட்டிலும் அப்படியே. மேலே சுவர்தான் இரண்டு வீட்டையும் பிரிக்கிறது. கீழே மண் ஒன்றுதான். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்ற புகாரை எழுதிக் கொடுத்தவர்களில் பலருக்கு அதன் காரணம் தங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இருப்பது தெரிந்திருந்தது. வேறு வழி இல்லாததால் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள்.

டேங்க் நிரம்பினால் லாரி வரும். உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை, லாரிக்காரர் சொல்வதுமில்லை. இரவு நேரத்தில் மழைநீர்க் கால்வாயின் மூடியைத் திறந்தோ ஏரிக்கரையில் சரிவு பார்த்து நிறுத்தியோ வால்வைத் திறந்துவிடுவார்கள். பிடித்து அபராதம் போட்டால் அந்த டிரைவர், "முறையாக் கொட்டற இடம் எதுன்னு சொல்லுங்க சார், அங்கயே கொட்டறேன்" என்பார். அந்த நாளில் அதற்குப் பதில் சொல்ல நகராட்சியிடம் இடம் இல்லை.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவில்தான் ஆலந்தூர் ஒரு காரியத்தைச் செய்து காட்டியது. புறநகர் நகராட்சிகளில் வேலை பார்த்த ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்கு ஆலந்தூர் என்றால் மெட்ரோ ரயில் நிலையம் நினைவுக்கு வராது, ஐயாயிரம் ரூபாய்தான் நினைவுக்கு வரும்.

விமான நிலையத்துக்கும் பரங்கிமலைக்கும் பக்கத்தில் ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த நகராட்சி அது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் வென்று தலைவரான ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தார். மதிப்பீடு சுமார் 34 கோடி ரூபாய். நகராட்சியின் சொந்த வருமானத்தை வைத்துக்கொண்டு கனவுகூடக் காண முடியாத தொகை. வழக்கப்படி கோட்டைக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். ஆலந்தூர் அதற்குப் பதிலாக மக்களிடமே கேட்டது. அதுவும் உடனே கேட்கவில்லை. முதலில் வீடுவீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது: சாக்கடை வேண்டுமா, வேண்டுமானால் எவ்வளவு கட்டுவீர்கள்? வேண்டும் என்றவர்களே மிகப் பெரும்பான்மை. அதன் பிறகுதான் வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று டெபாசிட் நிர்ணயித்தார்கள். சாக்கடை ஓடத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் வரை கட்டணம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் 5,000 ரூபாய் சிறிய பணம் அல்ல. தோண்டாத பள்ளத்துக்கு யார் கட்டுவார்கள்? கட்டினார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருத்தெருவாகப் பேசின. குடிசைப் பகுதிகளிலிருந்தும் பணம் வந்தது. சுமார் 8 கோடி ரூபாய், அதாவது திட்டச் செலவில் ஏறக்குறைய கால் பங்கு, மக்கள் கையிலிருந்து வந்தது. டுஃபிட்கோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநில நகர்ப்புற நிதிக் கழகம் 16 கோடி கடன் தந்தது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் 4 கோடி கடன் தந்தது. மீதியில் பெரும்பகுதி மானியம். கணக்கில் குறை விழுந்தால் ஈடுகட்டுவதாக மாநில அரசும் உறுதி கொடுத்தது.

வரிசையைக் கவனிக்க வேண்டும் என்கிறார் நம் பொறியாளர். கடன் கொடுப்பவர்கள் நகராட்சியின் தீர்மானத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. வங்கியில் கிடந்த மக்கள் பணத்தை மதித்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் காசை வைத்துவிட்டார்கள் என்றால் இந்தத் திட்டத்தைப் பாதியில் விட எந்தக் கவுன்சிலருக்கும் துணிச்சல் வராது என்பது அவர்கள் போட்ட கணக்கு. 2000-ல் வேலை தொடங்கியது. சுமார் 120 கிலோமீட்டர் குழாய். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பெருங்குடியில் சென்னைக் குடிநீர் வாரியம் இடம் கொடுத்தது. நாளுக்கு 2 கோடியே 40 லட்சம் லிட்டர் என்று திட்டமிட்டு, பாதிக் கொள்ளளவை முதலில் கட்டினார்கள். கட்டியது தனியார் நிறுவனம், தன் முதலீட்டில். ஒப்பந்தம் 14 ஆண்டு. சுத்திகரிக்கும் அளவுக்கு ஏற்ப நகராட்சி அவர்களுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். 2003-ல் நிலையம் ஓடத் தொடங்கியது.

நம் பொறியாளர் வேலை பார்த்த நகராட்சி ஆலந்தூரைப் பார்த்து அதே வழியில் இறங்கியது. காகிதத்தில் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஆலந்தூரில் தலைவரே முன்னால் நடந்தார். இங்கே அந்த வேலை பொறியாளரின் தலையில் விழுந்தது. மாலை நேரத்தில் பில் கலெக்டரையும் ஒரு துப்புரவு ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் போவார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஐயாயிரம் கட்டிடறேன் சார். நீங்க தோண்டாம விட்டுட்டா யாரைப் போய்க் கேக்கறது? நீங்க மாத்தலாகிப் போயிடுவீங்க." கேள்வி நியாயமானது. மறுமுறை போனபோது டெபாசிட்டுக்கென்றே தனியாகத் திறந்த வங்கிக் கணக்கின் பாஸ்புக் நகலை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு தாள் அதுவரை பேசிய பேச்சையெல்லாம்விட அதிகம் வேலை செய்தது. அதற்குப் பிறகு வார்டு அலுவலகப் பலகையில் மாதம்தோறும் அந்த இருப்பை ஒட்டச் சொன்னார். பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். பார்த்தவர்களில் பலர் கட்டினார்கள்.

எல்லாக் கதவும் அப்படித் திறக்கவில்லை. மாடிப் பகுதியில் வாடகைக்கு இருந்த ஒரு அம்மா சொன்னது அவருக்கு இன்னும் மறக்கவில்லை: "வீட்டுக்காரர் அண்ணா நகர்ல இருக்காரு தம்பி. மூக்கு எங்களோடது, பணம் அவரோடது. அவர் எதுக்குக் கட்டுவாரு?" புறநகரின் பணச் சிக்கலை அந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். நாற்றத்தை அனுபவிப்பவர் குடித்தனக்காரர், டெபாசிட் கட்டவேண்டியவர் சொத்துவரிக் கணக்கில் பெயர் உள்ளவர். வாடகையைக் கூட்டிவிடலாம் என்று தெரிந்ததும் சில உரிமையாளர்கள் கட்டினார்கள். சிலர் கடைசிவரை கட்டவில்லை. தவணை கேட்டவர்களுக்குத் தவணை கொடுத்தார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து உள்கடன் எடுத்துக் கட்டிய வீடுகளும் உண்டு. தெருவில் பெரிய வீட்டுக்காரர் கட்டாமல் இழுத்தடிக்கும்போது குழுக் கடனில் கட்டியவர்களின் ரசீதுதான் முதலில் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பதிவேட்டைப் பார்க்காதவர்கள்தான் ஏழைகள் இலவசம் கேட்பார்கள் என்று மேடையில் பேசுகிறார்கள்.

தோண்டும் வேலை தனிக் கதை. கடலோரப் புறநகரில் ஆறடி இறங்குவதற்குள் தண்ணீர் ஊறும். பம்பு வைத்து இறைத்துக்கொண்டே குழாயை இறக்க வேண்டும். பரங்கிமலைப் பக்கம் போனால் பாறை. ஒரே ஊரில் இரண்டும் இருந்தால் மதிப்பீடு போட்டவர் பாவம். சாலையை வெட்டியது ஒரு செலவு, வெட்டிய சாலையைத் திரும்பப் போடுவது இன்னொரு செலவு. மக்கள் நினைவில் நிற்பது இரண்டாவது மட்டுமே. கழிவுநீர் வரிக்காக ஒருவரும் தேர்தலில் தோற்றதில்லை, மூடாத பள்ளத்துக்காகத் தோற்றிருக்கிறார்கள் என்பது நகராட்சி வட்டாரத்தில் பழகிய பேச்சு.

குழாய் இறக்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் தெருக் குழாய்க்கும் வீட்டுக் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள பத்தடி தூரத்தில்தான் பல திட்டங்கள் செத்துப்போகின்றன. டெபாசிட் கட்டியவர்கூட, நன்றாக இருக்கிற டைல்ஸ் தரையை உடைத்துப் பின்கட்டிலிருந்து முன்வாசலுக்குக் குழாய் கொண்டுவர யோசிப்பார். செப்டிக் டேங்க் இன்னும் நிரம்பவில்லையே, அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். ஒவ்வொரு வீடும் தள்ளிப்போட்டால் தெருக் குழாயில் ஓடுவதற்கு எதுவும் இருக்காது.

இந்த இடத்தில் பொறியாளர் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டுகிறார். கழிவுநீர்க் குழாயில் கசடு தங்காமல் ஓட வேண்டுமானால் நீர் வினாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகமாவது எட்ட வேண்டும். அதற்குக் குழாயில் போதிய நீர் வேண்டும். அதனால்தான் பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்று மத்திய அரசின் கையேடு பிரித்து வைத்திருக்கிறது. வீட்டுக்குள் போகும் நீரில் 80 சதவீதம் கழிவாக வெளியே வரும் என்பது வடிவமைப்புக் கணக்கு. இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில், குளித்த நீரைச் செடிக்கு ஊற்றும் சிக்கனமான குடும்பங்கள் உள்ள தெருவில், இந்தக் கணக்கு எப்படி ஓடும்? கசடு தங்கும், அடைக்கும், மூடி வழியே பொங்கும். தண்ணீரைச் சேமியுங்கள் என்று ஒரு கையால் நோட்டீஸ் அச்சடித்துக்கொண்டே, தண்ணீர் போதாமல் சாக்கடை அடைக்கிறது என்று இன்னொரு கையால் அறிக்கை எழுதியிருக்கிறார் அவர். இரண்டும் உண்மைதான். குடிநீருக்கு ஒரு திட்டம், கழிவுநீருக்கு ஒரு திட்டம் என்று தனித்தனி ஆண்டுகளில் தனித்தனிக் கடனில் செய்தால் இந்த மோதல் வந்தே தீரும்.

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் யாராவது ஒருவர் கடப்பாரையால் சாக்கடை மூடியை நெம்பிவிடுவார். மழைநீர் முழுவதும் உள்ளே இறங்கும். கீழ்ப்பகுதித் தெருக்களில் கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து ஏறும். மூடியை நெம்பியவரும் கீழ்த்தெருக்காரரும் மறுநாள் காலை ஒரே அலுவலகத்தில் வந்து சண்டை போடுவார்கள்.

இனி கடன். தமிழ்நாட்டு நகராட்சிகளின் கணக்கில் மூன்று நிதிகள் உண்டு: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வழங்கல் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. குடிநீர்க் கட்டணமும் டெபாசிட்டும் கழிவுநீர்க் கட்டணமும் இரண்டாவது நிதியில் விழ வேண்டும், அங்கிருந்துதான் மோட்டார் மின்கட்டணமும் கடன் தவணையும் போக வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அந்த நிதி எப்போதும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். புது இணைப்புகளின் டெபாசிட் வந்தால் பழைய மின்பாக்கியைக் கட்டுவார்கள். ஊர் வளரும்வரை டெபாசிட் வந்துகொண்டே இருக்கும், ஓட்டை தெரியாது. வளர்ச்சி கொஞ்சம் நின்றால் எல்லாம் வெளியே தெரியும். அடுத்த தலைமுறைக் குழாய்க்கு வாங்கிய பணத்தை இந்த மாத மின்சாரத்தில் எரித்துவிட்டோம் என்பது தணிக்கை அறிக்கை வந்த பிறகுதான் சபைக்கு உறைக்கும். தன் ஊரிலும் இது நடந்தது என்கிறார். தடுக்க முயன்று கோப்பில் எழுதிய குறிப்புகள் கோப்பிலேயே கிடந்தன.

சிறிய ஊர்கள் தனியாகச் சந்தையில் கடன் வாங்க முடியாது என்பதற்கும் தமிழ்நாடு ஒரு வழி கண்டது. 2002-03-ல் 13 சிறு, நடுத்தர உள்ளாட்சிகளின் குடிநீர், வடிகால் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, கூட்டு நிதியம் ஒன்றின் பெயரில் 30.41 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். வட்டி 9.2 சதவீதம், காலம் 15 ஆண்டு. அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் உத்தரவாதம் கொடுத்தது. உலகமெங்கும் கருத்தரங்குகளில் பேசப்பட்ட ஏற்பாடு அது. நகராட்சி அலுவலகத்தில் அதற்கு இன்னொரு முகம் இருந்தது: சொத்துவரி வசூல் தனிக் காப்புக் கணக்குக்குப் போகும், தவணை எடுத்தது போக மிச்சம்தான் நகராட்சிக்கு. கடன் கொடுத்தவருக்கு அது பாதுகாப்பு. வசூல் குறைந்த மாதத்தில் சம்பளப் பட்டியலோடு உட்காரும் கமிஷனருக்கு அது வேறு அனுபவம். ஆனாலும் நம் பொறியாளர் அந்த ஏற்பாட்டின் பக்கம்தான். தவணை கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகுதான் வரி கட்டாத பெரிய கட்டடங்களின் பட்டியலை முதன்முறையாக அலமாரியிலிருந்து வெளியே எடுத்தார்களாம்.

கட்டணத்தை உயர்த்தும் பேச்சு வந்தால் சபையில் அமைதி. சென்னை மாநகராட்சியின் பழைய பகுதிகளில் 1998-க்குப் பிறகும், மற்ற உள்ளாட்சிகளில் 2008-க்குப் பிறகும் சொத்துவரி பொதுச் சீராய்வு இல்லாமலேயே 2022 வரை ஓடியது. அந்த வருடம் ஒரேயடியாக 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம்வரை ஏற்றினார்கள். கூச்சல் எழுந்தது, எழத்தான் செய்யும். ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது என்று நிதிப்பிரிவில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீர்ச் சிக்கனம் பற்றி அவர் பேசுவது கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. 2003 வறட்சியில் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்துப் பிறகு நீட்டித்தது. ஊழியர்கள் வீடுவீடாகப் போய் நோட்டீஸ் ஒட்டினார்கள். பிளம்பர்களுக்குத் திடீர் கிராக்கி. கருங்கல் ஜல்லியும் கரியும் மணலும் போட்டுக் குழி நிரப்பினார்கள். அடுத்த மழையில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்ததைப் பல தெருக்களில் அவரே கயிறு விட்டு அளந்து பார்த்திருக்கிறார். இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் அந்த வேகத்தில் அந்த அளவுக்குச் செய்ததில்லை என்பது அவருடைய மதிப்பீடு. கெடுதல் பிறகு வந்தது. குழியை அவ்வப்போது தூர்வார வேண்டும், ஆனால் யார் போய்ப் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டட அனுமதிக்குப் புகைப்படம் எடுத்த குழாய், மறு வருடம் மண்ணடைத்துப் போனதும் தெருவைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

அதைவிட அவரைத் தொந்தரவு செய்வது கசிவு. 2008-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் சேவைத்தர அளவுகோல்களை வெளியிட்டது: ஆளுக்கு 135 லிட்டர், நாள் முழுக்கத் தண்ணீர், கணக்கில் வராத நீர் 20 சதவீதத்துக்குள், நடத்தும் செலவு முழுவதும் கட்டணத்திலிருந்து. அந்தப் பட்டியலை அனுப்பி, உங்கள் ஊர் எண்களை நிரப்புங்கள் என்று கேட்டார்கள். வீட்டு மீட்டர் இல்லாத ஊரில், மொத்த மீட்டரே பாதி நாள் ஓடாத ஊரில், கணக்கில் வராத நீரை எப்படி அளப்பது? மேல்நிலைத் தொட்டியை நிரப்பி தொட்டிக்குள் வரும் வால்வை மட்டும் மூடி, ஊருக்குப் போகும் வால்வைத் திறந்தே வைத்துவிட்டு, விடியற்காலையில் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வால்வு திறப்பவரோடு ஏறிப் பார்த்தார். ஒருவரும் குழாயைத் திறக்காத அந்த இரவில் இறங்கிய தண்ணீர்தான் ஊரின் கசிவு. படிவத்தில் எழுதியது அந்த எண்ணை அல்ல, பக்கத்து ஊர் எழுதியதை ஒத்த எண்ணைத்தான் எழுதச் சொன்னார்கள் என்று சிரிக்கிறார்.

மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வாங்கும்வரை சிக்கனத்தை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. தொட்டியை நிரப்பி வழியவிடுபவரும் குடத்தில் அளந்து பிடிப்பவரும் ஒரே பில் கட்டுகிறார்கள். குழாய் வராத தெருவில் இருப்பவரோ லாரித் தண்ணீருக்குக் குழாய்க்காரரைவிடப் பல மடங்கு கொடுக்கிறார். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ரயிலைப் பார்க்க மேளத்தோடு போனார்கள். அதே ஊரில் இரவெல்லாம் மண்ணுக்குள் வீணாகும் தண்ணீருக்கு ஒரு மேளமும் கிடையாது.

நல்ல செய்தியும் உண்டு. மணலி தொழிற்சாலைகள் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. பிறகு கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் நிலையங்கள் வந்தன. ஒன்று மணலிக்கு, இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக்கு. குடிநீர் வாரியத்துக்குக் கழிவுநீர் வருமானம் தருகிறது, குடிநீர் மிச்சமாகிறது. செலவு மட்டுமே தெரிந்த வடிகால் நிதியில் வரவுப் பக்கமும் உண்டு என்று காட்டிய வேலை இது.

மறைக்க முடியாத இன்னொரு செலவைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறுகிறது. அடைப்பு எடுக்க உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை 2013 சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவிட்டது. அதன் பிறகும் மரணங்கள் நிற்கவில்லை. திட்ட மதிப்பீட்டில் குழாய்க்கு வரி இருக்கும், பம்புக்கு வரி இருக்கும். அழுத்த நீர் பீய்ச்சி அடைப்பெடுக்கும் இயந்திரத்துக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் வருடாந்திரச் செலவு எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் பல கோப்புகளில் இருக்காது. இயந்திரம் வாங்கப் பணமில்லை என்று எழுதும் நகராட்சி, உண்மையில் ஒரு மனித உயிரை மதிப்பீட்டிலிருந்து விட்டுவிட்டது. வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம், இயந்திரச் செலவு இல்லாத மதிப்பீட்டில் அவர் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார். அதனால் சில மாற்றல்களும் வந்தன.

2011-ல் ஆலந்தூர் உட்பட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. மக்கள் ஐயாயிரம் கட்டிப் போட்ட ஆலந்தூர்க் குழாய்கள் குடிநீர் வாரியத்தின் கைக்குப் போயின. சேர்ந்த ஊர்களில் பல, சாக்கடை இல்லாமலேயே மாநகரமாயின. அவற்றின் ஏரிக்கரைகளில் இப்போது பத்து, பதினைந்து மாடிகள். பெரிய வளாகங்கள் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. மின்கட்டணம் பார்த்துச் சங்கம் அதை நிறுத்திவைத்துவிட்டு லாரியைக் கூப்பிடுவதும் நடக்கிறது. புதுக் கட்டடங்களிடம் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் வாங்குகிறார்கள். அது மாநில அளவிலான நிதியில் சேர்கிறது, பள்ளம் இருப்பது வார்டில். எந்தத் தெருவில் வசூலானதோ அந்தத் தெருவின் குழாய்க்கு அதில் ஒரு பங்காவது திரும்ப வர வேண்டும் என்று அவர் வாதாடுகிறார்.

நகரம் கணக்கை மீறும் என்பதற்கு அவர் பழைய உதாரணம் ஒன்று வைத்திருக்கிறார். 1910 வாக்கில் மதராஸின் கழிவுநீர் அமைப்பைத் திட்டமிட்டவர்கள் 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று போட்டுக் குழாய் இறக்கினார்கள். 1961 கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். திட்டமிட்டவர்கள் முட்டாள்கள் அல்லர். ஊர் கணிப்பை மீறி வளரும்போது குழாயையும் பணத்தையும் நடுவழியில் திருத்திக்கொண்டே போக ஓர் ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் கழிவுநீர்க் குழாயை முப்பது ஆண்டுத் தேவைக்கு வடிவமைக்கிறார்கள். அதற்கான பணத்தை ஐந்தாண்டுத் தேர்தல் கணக்கில் யோசிக்கிறார்கள்.

மக்கள் கட்ட மாட்டார்கள் என்று சொல்வது சபைகளுக்கு வசதியான பொய் என்பது அவருடைய தீர்ப்பு. கணக்கைக் காட்டிக் கேட்டால் கட்டுவார்கள். ஆலந்தூர் அதை நிரூபித்துக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 2022 நவம்பர் 1-லிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபை என்ற ஒன்று இருக்கிறது. தெருவிளக்கு, குப்பை என்று பேசிவிட்டுப் பெரும்பாலும் கலைந்துவிடுகிறது. அடுத்த முறை உங்கள் பகுதியில் கூடும்போது ஒரே ஒரு தாளைக் கேளுங்கள்: இந்த வருடம் குடிநீர் வழங்கல் மற்றும் வடிகால் நிதியில் டெபாசிட்டாக எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு குழாய்க்குப் போனது, எவ்வளவு மின்கட்டணத்துக்குப் போனது. அந்தக் கணக்கு உங்கள் நகராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. கேட்டால் கொடுத்தாக வேண்டும்.